களை முளைக்காத வருஷம்

அந்த வருஷம் தோட்டத்தில் களை முளைக்கவில்லை. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வேண்டாத விருந்தாளி வராமல் போனால், ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பி விசாரிக்கிற வீடு எங்கே இருக்கிறது?

பஸ் பணிமனையின் பின்சுவருக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது அந்த நிலம். ஒரு காலத்தில் உடைந்த சீட்டுகளும் வழுக்கை டயர்களும் கிடந்த இடம். சுற்றியிருந்த தெருக்காரர்கள் அதையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பாத்தி பிரித்து, ஒரு குழாய் இழுத்துக் காய் போட ஆரம்பித்தார்கள். மண் கறுத்து மணக்கத் தொடங்கிய பிறகுதான் அது தன்னுடைய நிலம் என்று மாநகராட்சிக்கு ஞாபகம் வந்தது. கார் நிறுத்த இடம் கட்டப் போகிறோம் என்றார்கள். கெஞ்சி, கத்தி, செருப்புத் தேய நடந்த பிறகு ஒரு வழி பிறந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதிகாரி நேரில் வருவார். பச்சையாக இருந்தால் தோட்டம். காய்ந்து கிடந்தால் சிமெண்ட்.

இதைக் கேட்டதும் எல்லோரும் லாரிக்காரரைத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் எரு அவர் கையில் இருந்தது.

லாரிக்காரர் வாரத்தில் பாதி நாள் ஊருக்கு வெளியே உள்ள மாட்டுப் பண்ணைக்குத் தீவன மூட்டை ஏற்றிப் போவார். திரும்பும்போது வண்டி காலி. பண்ணையில் சாணம் மலை மாதிரி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தது அவருடைய மூளை. தோட்டத்து வாசலில் ஒரு லோடு கொட்டுவார், யார் வேண்டுமானாலும் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போகலாம். டீசல் வாசனையும் சாணி வாசனையுமாக அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது, மாப்பிள்ளை வந்து இறங்கியது போலத் தோட்டமே எழுந்து நிற்கும்.

"இந்தத் தடவை எரு எப்படி, பார்த்தீங்களா?" என்று கையில் அள்ளி உதிர்ப்பார். "ஒரு களை விதை கிடையாது. சலிச்சு எடுத்த மாதிரி."

"அண்ணே, நீங்க மாட்டையே சலிச்சிட்டீங்க போல" என்பான் வெல்டர். இளைஞன், நல்லவன், கோபம் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்கும். லாரிக்காரர் வண்டியை நிறுத்துவதற்குள் மண்வெட்டியோடு மேலே ஏறிவிடுவான்.

எரு எடுக்காத ஆள் ஒருவர்தான். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். தோட்டத்தில் அவருக்குப் பெயர் 'அப்புறம்'. தண்ணீர் விடுவதும் கொத்துவதும் பந்தல் போடுவதும் அவருக்கு அப்புறம்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தன் பாத்தி நடுவில் உட்கார்ந்து செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். செடியும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"உங்களுக்கு எரு வேண்டாமாங்க?" என்று லாரிக்காரர் ஒவ்வொரு லோடுக்கும் கேட்பார்.

"எடுத்துக்கறேன், அப்புறம்."

"அப்புறம்னா தீர்ந்துடும்."

"தீர்ந்தா அடுத்த லோடு வராமலா போயிடும்? நாள் முழுக்க மாடி மாடியா ஏறி இறங்குறவன் நான். இங்கயாவது ஒரு இடத்துல உட்கார விடுங்களேன்."

முதலில் தக்காளிதான் சுருண்டது. கொழுந்து விரியவில்லை. விரிந்த இலையும் ஒல்லியாக, முறுக்கிக்கொண்டு, கோழிக்கால் விரல் மாதிரி கீழ்நோக்கி மடங்கியது. பிறகு பீன்ஸ். பிறகு கத்தரி. உருளைச் செடி தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. சோளமும் வெங்காயமும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தன. கோரைப்புல் வழக்கத்தைவிடச் செழிப்பாக இருந்தது. மற்ற களை இல்லாததால் அதற்கு இடம் தாராளம்.

நோஞ்சான் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாய் ஊட்டுகிற மாதிரி, செடி சுருளச் சுருள எல்லோரும் இன்னும் ஒரு கூடை எரு போட்டார்கள்.

அதே நாட்களில் பணிமனைச் சுவரில் ஆரஞ்சு நிறக் குறிகள் தோன்றின. அளவு நாடாவோடு இரண்டு பேர் கால்வாய் ஓரம் நடந்ததை வெல்டர் பார்த்தான். கார் நிறுத்தக் கட்டடத்துக்குக் காத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவ்வளவுதான், விஷயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

"மருந்து அடிச்சிருக்கானுங்க" என்றான் வெல்டர். "ராத்திரி சுவரேறிக் குதிச்சு அடிச்சிருக்கானுங்க."

அன்றிலிருந்து முறைவைத்துக் காவல். ஃப்ளாஸ்கில் டீ, கையில் இரும்புக் குழாய். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காதவர்கள்கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தோட்டம் செத்துக்கொண்டிருந்தது, தோட்டக்காரர்கள் அதுவரை அப்படி ஒற்றுமையாக இருந்ததே இல்லை. காவலில் யாரும் சிக்கவில்லை. சிக்காதது அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்குச் சாட்சியானது.

லாரிக்காரரின் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரில் பாதி தைத்த சட்டைகள், தரையில் ஊசி. அந்த அறைக்குள் செருப்பில்லாமல் வருகிற ஒரே ஆள் அவள்தான், அவளுக்கு மட்டும் குத்தாது. வாடிப்போன பீன்ஸுக்குப் பதிலாக நடலாம் என்று, ஜன்னல் உள்பக்கத்தில் இரண்டு பிஸ்கட் டின்களில் அவள் விதை போட்டிருந்தாள். வீட்டில் ஒரு டின்னுக்குத்தான் எரு இருந்தது. இன்னொன்றில், உடைந்துபோன பூத்தொட்டியின் பழைய மண்ணைக் கொட்டினாள். பரிசோதனை எல்லாம் இல்லை. எரு பற்றவில்லை, அவ்வளவுதான்.

பழைய மண்ணில் முளைத்தது உள்ளங்கை மாதிரி இலை விரித்தது. எருவில் முளைத்தது, நூலை ஓட்டி இழுத்துச் சுருக்கு வைத்த பாவாடை மாதிரி ஓரமெல்லாம் மடங்கி நின்றது.

அவள் மெஷினை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். கொசுவலை ஆணி அடித்தது அடித்தபடி இருந்தது. ஒப்பந்தக்காரர் மருந்து டப்பாவோடு அவள் மெஷின்மேல் ஏறி நின்றிருந்தால் ஒழிய, இந்தச் செடிக்கு இது நேர வழியில்லை.

மத்தியானம் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். சோறு, அவித்த முட்டை, ஒரு தக்காளி. தக்காளியைத் தொட்டுப் பார்த்து, "கடைத் தக்காளியா?" என்றார். அந்த வீட்டில் அது கெட்ட வார்த்தை.

"ஏங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தார். பிசைவது நின்றது.

"வெயில் பத்தலை அந்த டின்னுக்கு" என்றார்.

"ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் சூரியன் மூஞ்சியைத் திருப்பிக்குதா?"

"விதை கோளாறா இருக்கும்."

"ஒரே நெத்துல உரிச்ச விதை."

"இப்ப என்ன சொல்ல வரே நீ?"

"நான் ஒண்ணும் சொல்லலை. செடிதான் சொல்லுது. எருவுலதாங்க ஏதோ இருக்கு."

"வாயைக் கழுவு" என்றார் லாரிக்காரர். எழுந்துபோய்க் கழுவியது அவர்தான். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. முட்டையையும் தொடவில்லை.

மறுநாள் அவர் பண்ணைக்குக் கிளம்பியபோது அவளும் லாரியில் ஏறிக்கொண்டாள். வழக்கமில்லாத வழக்கம். மழை தூறிக்கொண்டிருந்தது, வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, அதுவும் அவர் பக்கம் இல்லை. லோடு ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டும்போது, அவள் இறங்கி நேராகப் பண்ணைக்காரரிடம் போனாள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு மாடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மாடுங்களுக்கு என்ன போடுறீங்க?"

"நல்லா இருக்குங்களா? எல்லாம் புதுப் புல்லுக்கட்டு. போன வருஷக் கடைசியிலேர்ந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் வாங்குறேன். முள்ளு கிடையாது, களை கிடையாது. புல்லைத் தவிர வேற எதுவும் வயல்ல நிக்காது. அப்படி ஒரு மருந்து அடிக்கிறாங்க."

"அது மாட்டுக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"மாட்டுக்கு என்ன? வாயில போகுது, பின்னால வந்துடுது."

"எப்படிப் போச்சோ அப்படியே வந்துடுமா?"

பண்ணைக்காரர் குடையைச் சற்றுச் சாய்த்து அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் தார்ப்பாய்க் கயிற்றோடு நின்ற லாரிக்காரரைப் பார்த்தார்.

"காய்கறிக்கு மட்டும் போட வேணாம்னு அந்தப் புல்லுக்காரன் சொன்னான். செடி சுருண்டுடுமாம், மண்ணுலயே நிக்குமாம். நீங்க காய்கறிக்கா கொண்டு போறீங்க?"

"தோட்டத்துக்குன்னு சொன்னேனே" என்றார் லாரிக்காரர்.

"தோட்டம்னா பூந்தோட்டம்னு நினைச்சேன்" என்றார் பண்ணைக்காரர். ஒரு மாட்டை விட்டுவிட்டார்போல; மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் லாரியின் முதுகில் எரு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"எங்கயாவது கொட்டிட்டுப் போயிடலாங்க" என்றாள்.

"எங்க கொட்டுவே? எல்லாரும் தள்ளுவண்டியோட நிக்கிறாங்க அங்க. காலி வண்டியோட போய் என்ன சொல்லச் சொல்றே?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"என்னன்னு? உங்க தோட்டத்தைக் கொன்னது நான்தான்னா? ஒவ்வொரு பாத்தியிலயும் என் கையால இறக்கிக் கொடுத்தேன்டி. அந்த வெல்டர் பையன் என்னை அண்ணே அண்ணேன்னு கூப்பிடுறான்." சற்று நேரம் ஓட்டினார். "இதுவும் கேட்டுக்கோ. வெளி ஆள் விஷம் வச்சான்னு சொன்னா அதிகாரிக்கு இரக்கம் வரும். நாங்களே வச்சுக்கிட்டோம்னு சொன்னா சிமெண்ட்தான் வரும். இன்னிக்குச் சாயங்காலம் தோட்டத்துக் கூட்டம் இருக்கு, அது முடியட்டும். பக்குவமா நானே சொல்றேன்."

"தெரியாம செஞ்சீங்க. யாரும் உங்களைத் தூக்குல போடப் போறதில்ல. ஆனா இந்த லோடு தெரிஞ்சு கொண்டு போறது."

அவர் கியர் மாற்றினார். மாற்ற வேண்டிய இடமே இல்லை அது.

எருவைக் கொட்டினார். வெல்டர் ஏறி, வழக்கம்போல மண்வெட்டியால் தள்ளினான். வழக்கம்போல யாரோ கைதட்டினார்கள். குவியல் வாசலருகே தூறலில் புகைந்தது. கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன.

சாயங்காலம் குழாயடியில் கூடினார்கள். தலைமை டோக்கன் அம்மா. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர்; எந்தக் கூட்டத்தையும் நோயாளிகளின் வரிசையாகவே பார்ப்பார்.

"ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. முதல்ல யாரு?"

வெல்டர் எழுந்தான். "நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கறேன். எல்லார் பாத்தியும் போச்சு. இவர் பாத்தி மட்டும் எப்படி நிக்குது?"

எல்லோரும் திரும்பினார்கள். அப்புறத்தின் பீன்ஸ், அவர் கட்ட மறந்த பந்தலுக்குக் காத்திருந்து சலித்து, பணிமனைச் சுவரிலேயே ஏறியிருந்தது. தக்காளி காய்த்திருந்தது. இடையிடையே களையும் தளதளவென்று இருந்தது. செத்த தோட்டத்தின் நடுவே அந்தப் பச்சையைப் பார்க்கக் கண் கூசியது.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றார் அப்புறம், வாளிமேல் இருந்தபடியே. "நான் ஒண்ணுமே பண்ணலையே."

"அதான். ஒண்ணுமே பண்ணாம எப்படி வரும்?"

கூட்டத்தில் ஒரு பெண் குரல் வந்தது. "அந்த ஒப்பந்தக்காரன் ஆபீஸ் இவர் வேலை பார்க்கிற கட்டடத்துலதான். தினம் லிஃப்ட்ல இவர்தான் மேல கூட்டிட்டுப் போறாராம்."

"நான் எல்லாரையும்தாங்க கூட்டிட்டுப் போறேன். அவர் மாடி சொல்றாரு, நான் பட்டனை அமுக்கறேன்."

"வேற என்ன சொன்னாரு?"

"மழை வரும் போல இருக்குன்னாரு."

"பார்த்தீங்களா! பேசியிருக்காரு!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் இத்தனை பேர் சிரிக்காமல் நின்றதுதான் தையல்காரியைப் பயமுறுத்தியது. காவலுக்கு வைத்திருந்த இரும்புக் குழாயை வெல்டர் கீழே வைக்கவில்லை. வாளியிலிருந்து அப்புறம் எழுந்து நின்றார். தோட்டத்துக்குள் அவர் அவ்வளவு வேகமாக எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஒண்ணும் பண்ணலை" என்றாள் தையல்காரி. "எருவுலதான் கோளாறு. மாடு தின்ன புல்லுல களை மருந்து. சாணியில வந்திருக்கு. அவர் எரு எடுக்கவே இல்ல, அதனால தப்பிச்சாரு. என் வீட்டு ஜன்னல்ல ரெண்டு டின் இருக்கு, வந்து பாருங்க."

"அக்கா, உங்க வீட்டுக்குள்ளயும் வந்து அடிச்சிருப்பானுங்க" என்றான் வெல்டர், உண்மையான கவலையோடு. "கதவைப் பூட்டிக்குங்க."

"பண்ணைக்காரரே சொன்னாருடா. நானும் இவரும் காதால கேட்டோம்."

டோக்கன் அம்மா லாரிக்காரரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பண்ணைக்காரர் அப்படிச் சொன்னாரா?"

அவர் வாயைத் திறந்தார். அத்தனை முகங்களும் அவர்மேல் இருந்தன. அத்தனையும் 'இல்லை என்று சொல்' என்று கேட்டுக்கொண்ட முகங்கள்.

"அவ சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார்.

தையல்காரி ஊசியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவள் போலத் தரையைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைத் தொடாமல் ஓரடி தள்ளி நின்றார்கள், இரக்கத்தினால்தான்.

கை தூக்கச் சொன்னார் டோக்கன் அம்மா. தூக்கினார்கள். அப்புறத்தின் பாத்தி அன்றோடு அவருடையது இல்லை. பொதுவாக வைத்து, அதிகாரிக்குக் காட்டுவதற்காக இன்னும் நன்றாக வளர்க்க வேண்டும் என்று முடிவானது. நன்றாக வளர்ப்பது எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எரு போடுங்கப்பா" என்றது ஒரு குரல். "இவர் சோம்பேறித்தனத்துல போடாம விட்டே இப்படிக் காய்க்குதே, போட்டா எப்படி இருக்கும்!"

வெல்டர் குழாயை ஓரமாகச் சாய்த்துவிட்டு, முதல் தள்ளுவண்டியைக் குவியலில் நிறைத்தான். அது ஆவி பறக்கப் பாத்திகளின் நடுவே உருண்டது. சுருண்ட தக்காளிகளைக் கடந்தது. மொட்டையாய் நின்ற பீன்ஸ் குச்சிகளைக் கடந்தது. லாரிக்காரர் அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மண் ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு யாராவது ஒரு பிடி நல்ல விதை வேண்டும் என்றால் அந்தச் சுவரில் தொங்கும் நெத்தில்தான் இருக்கிறது. இது அங்கிருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருத்தியை அவர் இப்போதுதான் பைத்தியக்காரி ஆக்கியிருந்தார்.

சக்கரம் பாத்தி ஓரத்தில் ஏறியபோது அவர் ஓடினார். கனத்த உடம்பு, சேற்றில் வழுக்கி முழங்கால் ஊன்றி எழுந்து, தள்ளுவண்டியின் முன்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போடாதே."

"என்னண்ணே?"

"இதுல போடாதே. இந்த மண்ணு ஒண்ணுதான்டா சுத்தமா இருக்கு."

வெல்டர் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ சொன்னது நிஜம்" என்றார் லாரிக்காரர். "எனக்குத் தெரியாது, மொதல்ல தெரியாது. இன்னிக்குக் காலையிலேர்ந்து தெரியும்."

"தெரிஞ்சேவா கொட்டினீங்க?" டோக்கன் அம்மா கேட்டார். மிருதுவாகத்தான் கேட்டார், வலி எங்கே என்று விசாரிக்கிற மாதிரி.

"ஆமா."

"எந்தெந்தப் பாத்தியில போட்டிருக்கு?"

"இதைத் தவிர எல்லாத்துலயும்."

"எப்ப போகும் அது?"

"தெரியலைங்க. மண்ணுலயே நிக்குமாம்."

தூறல் சாணிக்குவியல்மேல் விழும் சத்தம் கேட்டது. தையல்காரி கூட்டத்திலிருந்து விலகி, பாத்திகளின் ஓரமாக நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, தொடவுமில்லை, நின்றாள்.

வெல்டர் தள்ளுவண்டியின் கைப்பிடியை விட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாத்திக்கு வெளியே கொட்டியது. "அண்ணே" என்றான். திரும்பிப்போய், சாய்த்து வைத்த குழாயை மறுபடி எடுத்துக்கொண்டான். எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

இத்தனை நாள் முறைவைத்துச் சேர்த்த கோபம் அது. திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போக யாரும் பை கொண்டுவரவில்லை.

டோக்கன் அம்மா அப்புறத்திடம், "நீங்க வீட்டுக்குப் போகலாங்க" என்றார். அவர் வாளியை எடுத்துக்கொண்டார். கணவன் மனைவி இருவரையும் கடக்கும்போது நின்றார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார், சொல்லாமல் நடந்தார். அவருக்கு வழிவிட்டு விலகிய கூட்டம், அவர் போனதும் அந்த இருவரையும் சுற்றி மறுபடி கூடிக்கொண்டது.

அவர் வெளியே காலெடுத்து வைத்ததும் யாரோ போய் இரும்புக் கேட்டைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள்.